இளைப்பாறாத எழுதுகோல்: மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்

ஆசிரியத் தொழிலிலிருந்து ஆண்டுதோறும் பலர் இளைப்பாறுகின்றனர். சிலர் தோட்டந் துரவைக் கவனிக்கின்றனர். சிலர் கோயிற் காரியங்களை ஏற்று நடத்துகின்றனர். சிலர் பேரப்பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துக் காலங் கழிக்கின்றனர். இவையெல்லாம் நல்லனவே. ஆனால் 64ஆம் வயதிலே கல்லூரிப் பதவியை விட்டு, அதன் பின்னரே தம் சொந்த எழுத்தில் முழுமனத்தோடு இறங்கி, 87ஆம் வயதிலே கண் மூடும் வரையும் எழுதுகோலைக் கீழே வையாத ஓர் ஆசிரியரைத் தமிழுலகம் கண்டிருக்கின்றது. அவரே உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகனார் சாமிநாதையர்.

சங்க நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பெருமகன் என்று அவரை யாவரும் அறிவர். தமிழ்த் தாத்தா என்று சிறுபிள்ளைகளும் சொல்வர். அந்தப் பெரும்பணியைச் சுருக்கமாக நினைவுகூர்ந்து, அதிகம் பேசப்படாத மற்றொரு பக்கத்தை இக்கட்டுரையிலே எடுத்துச் சொல்ல விரும்புகின்றோம். பிறர் நூல்களுக்காகவே ஆயுளிற் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர், முதுமையிலே தாமும் ஓர் எழுத்தாளரானது எவ்வாறு? ஏன்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவது இளைஞர்களுக்கும் முதியோர்களுக்கும் ஒருங்கே பயன்படும் என்பது நம் துணிபு.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி தஞ்சாவூர்ச் சீமையிலுள்ள உத்தமதானபுரம் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் சங்கீத வித்துவான். வருவாய் சொற்பம், ஊர் ஊராகச் சென்று இராமாயணப் பிரசங்கஞ் செய்து குடும்பத்தைக் காத்து வந்தார். மகன் சங்கீதம் பயில வேண்டும் என்பது தந்தையின் ஆசை; மகனுக்கோ தமிழிலே தீராத வேட்கை. நல்லாசிரியரைத் தேடிக் குடும்பமே இடம் பெயர்ந்தது. அரியலூர், குன்னம், செங்கணம் என்று அலைந்து, ஈற்றிலே 1871ஆம் ஆண்டு மாயூரத்துக்கு வந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மகனை ஒப்புவித்தார் தந்தையார். பிள்ளைக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டார் சாமிநாதன் என்றும் அழைப்பர். அந்த இரண்டாம் பெயரே ஆசிரியருக்குப் பிடித்தது. அதுவே உலகறிந்த பெயராயிற்று.

பிள்ளையவர்கள் கவிபாடும் முறை வியப்புக்குரியது. மனத்திலே செய்யுளை அமைத்து வாயாற் சொல்லிக்கொண்டே போவார். அருகிலிருந்து மாணாக்கர் ஒருவர் ஏட்டிலே எழுதுவார். அவ்வாறு எழுதும் பேறு சாமிநாதருக்கும் வாய்த்தது. சொல்பவர் நிறுத்துவதில்லை; எழுதுபவர் கை தளரக் கூடாது. பிறர் சொல்லைப் பிழையின்றி ஏட்டிலேற்றுவதே அவர் பெற்ற முதல் எழுத்துப் பயிற்சி. தம் சொல்லைப் பின்னே தள்ளி, பெரியோர் சொல்லை முன்னே வைக்கும் பழக்கம் அன்றே அவர் கையிலே படிந்துவிட்டது.

1876ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆந் திகதி ஆசிரியர் சிவபதமடைந்தார். அந்த இறுதி வேளை நம் உள்ளத்தை உருக்குவது. ஆசிரியரைத் தம் மார்பிலே சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கர். பக்கத்திலிருந்து திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓதியவர் சாமிநாதர். சைவப் பெரும்புலவர் ஒருவரின் கடைசி மூச்சை ஒரு கிறிஸ்தவரின் கைகளும் திருவாசகமும் சேர்ந்து தாங்கின. மிஷன் கல்லூரியிலே கற்று, இன்று சைவ இளைஞர்களோடு அமர்ந்து இம்மலருக்கு எழுதும் நாம், இக்காட்சியைப் படிக்குந்தோறும் சிறிது நேரம் நூலை மூடி வைக்கின்றோம்.

ஆசிரியர் மறைந்த பின்னர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்தார். 1880ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவர் சிபாரிசினால் அப்பதவி ஐயருக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் 50 ரூபா. அக்காலத்துத் தமிழ் வித்துவான் ஒருவருக்கு அது நல்ல நிலையே. அத்தோடு திருப்தியடைந்திருந்தால், நல்லாசிரியர் என்ற பெயரோடு அவர் வாழ்வு முடிந்திருக்கும்.

அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்தார். முதலியார் ஆங்கிலங் கற்றவர். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தவர். என்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். முதலியார் முகத்திலே வியப்பேதும் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயருக்கு அவை கிடைத்ததில்லை. மகாவித்துவானிடம் ஆண்டுக் கணக்கிலே பாடங் கேட்டவர் காணாத தமிழ் ஒன்று இருக்கின்றது என்பதை, ஆங்கிலம் படித்த நீதிபதி ஒருவர் எடுத்துக் காட்டினார். ஐயர் அதை அவமதிப்பாகக் கொள்ளவில்லை. சிந்தாமணியைக் கையிலே வாங்கிக் கற்கத் தொடங்கினார்.

சிந்தாமணி சைன காவியம். சைவ மடத்திலே பயின்ற ஐயர், கும்பகோணத்திலிருந்த சைனர் வீடுகளைத் தேடிச் சென்று, அவர்கள் சமயக் கொள்கைகளை அடக்கத்தோடு கேட்டு அறிந்தார். மணிமேகலைக்காகப் பௌத்த நூற்செய்திகளையும் அவ்வாறே அறிஞர்பாற் கேட்டுக் கற்றார். ஒரு நூலைப் பதிப்பிக்க வேண்டுமானால், முதலில் அந்நூலாசிரியரின் நெஞ்சோடு உறவாட வேண்டும் என்பது அவர் கொண்ட நெறி.

ஏட்டைப் படிப்பதும் இலகுவன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடில்லை, மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்ற பிரிவில்லை. செல்லரித்த இடங்களும் முறிந்த இடங்களும் பல. பல ஏடுகளைச் சேர்த்து ஒப்புநோக்கி, பாடபேதங்களைக் குறித்து, மேற்கோள்களின் இருப்பிடத்தைத் தேடி, அகராதியும் முகவுரையும் வகுத்து, 1887ஆம் ஆண்டு சிந்தாமணியை வெளியிட்டார். தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை வெளிவந்தன. கல்லூரி விடுமுறை வந்தால் ஏடு தேடிப் பிரயாணம், இல்லையேற் சென்னையிலே அச்சுக்கூடத்தில் ஒப்புநோக்கல்; வீட்டிலிருந்து ஓய்வெடுத்தல் என்பது அவருக்கு இல்லை.

ஏடு தேடிச் சென்ற இடமெல்லாம் ஏடு கிடைத்ததென்று எண்ணற்க. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே பழைய சுவடிகள் இருந்தனவென்று கேள்வியுற்றுச் சென்றார். பழுதான ஏடுகளை நெய்யிலே தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அங்குள்ளவர் சொன்னார். சொன்னவர் அதைப் பாவமென்று கருதவில்லை. சாத்திரப்படி செய்த கைங்கரியம் என்றே கருதினார். எந்த நூல் அந்தத் தீயிற் போயிற்றென்று இனி அறிய வழியில்லை. அறியாமையால் மட்டுமன்றி, பக்தியாலும் நூல்கள் அழியக்கூடும் என்பது அன்று ஐயர் கண்ட துயரம்.

ஈழத்தவராகிய நாம் இவ்விடத்திலே ஒருவரை மறத்தல் கூடாது. சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்து, வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நடத்திய செமினரியிலே கற்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராய் விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளையே அவர். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றியவர். அவர் கும்பகோணத்திலே வாழ்ந்த காலத்தில், சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்கும் விருப்பத்தோடு ஐயரிடமிருந்த ஏடுகளையும் குறிப்புக்களையும் கேட்டார். ஐயர் பெரிதும் தயங்கி, முடிவில் அப்பணியைத் தாமே செய்வதெனத் துணிந்தார். ஒரே புதையலை இருவர் தேடும்போது இத்தகைய இழுபறி நேர்தல் இயல்பே. சிறுப்பிட்டியும் உத்தமதானபுரமும் ஒரே கவலையாலே தூக்கமிழந்த காலம் அது. இருவர் கைகளும் இல்லாவிடில் நம் பழந்தமிழ்ச் செல்வத்தில் எவ்வளவு எஞ்சியிருக்குமோ, நாம் சொல்லவியலாது.

1903ஆம் ஆண்டு ஐயரவர்கள் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றார். 1906இல் அரசினர் மகாமகோபாத்தியாயப் பட்டம் வழங்கினர். 1919இல் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறினார். பின்னர் 1924 முதல் 1927 வரை சிதம்பரத்திலே மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகவும் இருந்துவிட்டுத் திருவல்லிக்கேணியிலுள்ள தம் இல்லத்துக்குத் திரும்பினார். அவ்வில்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயர். தமக்கு வேலை வாங்கித் தந்த தியாகராச செட்டியாரை மறவாமைக்கு அப்பெயரே சான்று.

அதுவரை அவர் எழுதியன யாவை? முகவுரைகள், நூலாசிரியர் வரலாறுகள், கதைச் சுருக்கங்கள், அரும்பத விளக்கங்கள். மணிமேகலையோடு வெளியிட்ட பௌத்த சமய வரலாறு போன்ற நல்ல வசனங்களும் அவற்றுள் உண்டு. ஆயினும் அவையெல்லாம் பிறர் நூலுக்கு வாயிற்படியாக அமைந்தவை. தம் கண்ணாற் கண்டதையும் தம் நெஞ்சிலே கிடந்ததையும் விரிவாக எழுத அவருக்கு நேரமுமில்லை. அதற்கு முன்னுரிமை தர மனமுமில்லை.

முதுமையிலே இந்த நிலை மாறியது. 1933, 1934ஆம் ஆண்டுகளில் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து அப்போது 57 ஆண்டுகள் சென்றிருந்தன! ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர், ஜோன்சனுக்குப் பொஸ்வெல் எழுதிய சரித்திரத்தைப் போற்றுவர். குருவின் அருகிலிருந்து கண்டவற்றை அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் நூல் தமிழிலும் உண்டென்று நாம் தலை நிமிர்ந்து சொல்லலாம். அது வெறும் புகழ்மாலையன்று. ஆசிரியரின் கவித்துவத்தைச் சொல்லுமிடத்து அவருடைய வறுமையையும் கடன் தொல்லையையும் மறையாது சொல்கின்றார். நேசிப்பவரைப் பற்றி உண்மை எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை எழுதிப் பார்த்தவர் அறிவர்.

அதன்பின் மடை திறந்தாற்போல் நூல்கள் வந்தன. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர், கனம் கிருஷ்ணையர் ஆகிய இசைவாணர் மூவரின் வரலாறுகளை எழுதினார். சங்கீதத்தை விட்டுத் தமிழுக்குச் சென்ற மகன், தந்தையின் கலைக்கு இவ்வாறு கடன் தீர்த்தார். நான் கண்டதும் கேட்டதும், புதியதும் பழையதும், நல்லுரைக்கோவை, நினைவு மஞ்சரி எனக் கட்டுரைத் தொகுதிகள் வெளிவந்தன. 1937ஆம் ஆண்டு, 82ஆம் வயதிலே, குறுந்தொகையைத் தம் உரையோடு பதிப்பித்தார். பழைய உரை மறைந்துபோன அந்நூலுக்குத் தாமே உரையாசிரியரானார்.

ஏன் இந்த வேகம்? நாம் எண்ணிப் பார்த்தவரையில் ஒரு காரணமே பெரிதாகத் தோன்றுகின்றது. கறையானுக்கும் தீக்கும் தப்பிய சுவடிகளை அச்சேற்றியாயிற்று. ஆனால் சுவடியில் ஏறாத செய்திகள் பல அவருள்ளத்திலே கிடந்தன. மகாவித்துவான் பாடஞ் சொன்ன முறை, ஆதீனத்துச் சபையிலே வித்துவான்கள் வாதம் புரிந்த வகை, கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரத்திலே இசை சொல்லிக்கொடுத்த காட்சி, திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையின் அதிகாரம், ஊர்ப் பெரியோரின் நகைச்சுவை ஆகியவற்றுக்கு ஏடு ஏது? அவற்றை நேரிலே கண்டவர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர். எஞ்சிய கடைசிச் சுவடி ஐயரே. பிறர் ஏடுகளைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவர், தாமும் ஓர் ஏடு என்பதை முதுமையிலே உணர்ந்தார். அந்த ஏட்டையும் பெயர்த்தெழுதி வைத்துவிடத் துணிந்தார்.

அவ்வாறெழுதிய நடையும் கவனிக்கத் தக்கது. பண்டிதர் நடை என்று அஞ்சுவாருக்கு ஐயரின் முதுமைக் கால வசனம் நல்ல மருந்து. வாக்கியங்கள் சிறியன, சொற்கள் நாம் வீட்டிலே பேசுவன. கதை சொல்லுமிடத்து அவசரமில்லை. ஆங்கிலக் கட்டுரைகளோடு வளர்ந்த நம்மை ஒத்தவர்களும் தடையின்றி உள்ளே செல்லலாம். ஐம்பது ஆண்டுகள் கடினமான நூல்களோடு பழகியவர்க்கு இந்த எளிமை எவ்வாறு வந்தது? அவர் ஆசிரியர். வகுப்பிலே கடைசி வாங்கிலிருக்கும் மாணவனுக்கும் விளங்கச் சொல்லிப் பழகிய வாய் அது. சங்கப் புலமை அவர் கருத்தைச் செம்மையாக்கியது; வகுப்பறை அவர் சொல்லை எளிமையாக்கியது.

1940ஆம் ஆண்டு ஜனவரியிலே என் சரித்திரம் ஆனந்த விகடனிலே வாரந்தோறும் வெளிவரத் தொடங்கியது. வயது 84. முதிய ஆசிரியர் நினைவிலிருந்து சொல்ல, மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் அருகிலிருந்து எழுதுவார். மாயூரத்திலே ஆசிரியர் சொல்ல எழுதிய இளைஞர், திருவல்லிக்கேணியிலே மாணாக்கர் எழுதச் சொல்லும் முதியவரானார். இடையிலே 70 ஆண்டுகள் ஓடிவிட்டன. தம்மைப் பற்றிய நூலென்றாலும் அதிலே தம்மைப் பற்றிச் சொல்வது குறைவு. ஆசிரியரைப் பற்றியும், உதவிய அன்பர்களைப் பற்றியும், ஏடு தந்தவர்களைப் பற்றியுமே பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. ஒரு வேளை சோறிட்டவர் பெயரையும் அவர் மறக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்திலே, 1942ஆம் ஆண்டு, குண்டு வீச்சுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் வெளியூர்களுக்குச் சென்றனர். ஐயரவர்களும் திருக்கழுக்குன்றத்துக்குச் சென்றார். அங்கே ஏப்ரில் 28ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார். என் சரித்திரம் 122 அத்தியாயங்களோடு நின்றுபோயிற்று. 1903ஆம் ஆண்டின் சென்னை மாற்றம் வரையிற்கூடக் கதை வந்து சேரவில்லை. அதன் பின்னான 39 ஆண்டுகளைப் பற்றி அவர் வாயாற் கேட்கும் பேறு நமக்கில்லை. எழுதி முடித்த பகுதி 1950இல் நூலாக வெளிவந்தது. பல்லாயிரம் ஏடுகளைக் காத்த பெரியாரின் சொந்த ஏடு பாதியிலே முறிந்தது. இன்னும் ஐந்தாண்டு முன்னதாகத் தொடங்கியிருந்தால் என்ற ஏக்கம், அந்நூலைப் படித்து முடிப்பார் ஒவ்வொருவருக்கும் எழவே செய்யும்.

1943ஆம் ஆண்டு அவர் பெயராலே சென்னையில் நூல்நிலையம் நிறுவப்பட்டு, அவர் சேர்த்த சுவடிகள் அங்கே பாதுகாக்கப்பட்டன. 2006இல் இந்திய அரசாங்கம் அவருக்குத் தபால் முத்திரை வெளியிட்டது. ஆனால் அவர் வாழ்ந்த திருவல்லிக்கேணி இல்லம் 2012ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. கல்லும் சுண்ணாம்பும் நிலைக்கவில்லை, எழுத்து நிலைத்தது.

இச்சரித்திரம் நமக்கு எங்கோ நடந்த கதையன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும், மீளப் பெறவியலாத ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. பின்வந்த யுத்தத்திலே எத்தனை வீடுகளின் பெட்டகங்களும் புத்தகங்களும் அழிந்தன என்பதை நம் பெரியோர் அறிவர். அவ்வாறு ஏடிழந்த நாட்டிலே முதியோர் நினைவே எஞ்சிய நூலகம். இளைப்பாறிய ஆசிரியர், பழைய பாடல்களை மனனமாய் வைத்திருக்கும் ஆச்சி, கூத்துப் பழக்கிய அண்ணாவியார், மூலிகை அறிந்த பரியாரியார், பண்ணோடு தேவாரம் ஓதும் பெரியவர் என்று ஊருக்கு ஊர் சுவடிகள் உயிரோடு நடமாடுகின்றன. ஒவ்வொரு மரண அறிவித்தலோடும் ஒரு சுவடி தீயிலே போகின்றது. கரிவலம்வந்தநல்லூரில் நடந்ததை எண்ணி வருந்தும் நாம், நம் முற்றத்திலே நடப்பதைக் காணாதிருத்தல் ஆகாது.

ஆதலின் நம் சங்கத்து இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு முதியவரின் பக்கத்திலே அமருங்கள். அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். பெயரையும் ஊரையும் ஆண்டையும் பிழையின்றிக் குறியுங்கள். அழகாக எழுத வேண்டுமென்று காத்திராதீர்கள். ஐயருக்கும் முதலில் கிடைத்தது பிறர் சொல்ல எழுதும் வேலையே. நம் பெரியோர்களுக்கும் பணிவோடு ஒன்று சொல்வோம். எழுத என்ன இருக்கிறது என்று ஒதுங்காதீர்கள். வயது போய்விட்டது என்று சொல்லாதீர்கள். 84ஆம் வயதிலே தம் சரித்திரத்தைத் தொடங்கிய ஆசிரியர் ஒருவர் நமக்கு முன்னே இருக்கின்றார். அவர் விட்ட இடத்திலே நூல் நின்றுபோயிற்று. அவர் காட்டிய வழி நிற்கவில்லை. நாளைக்கென்று வையாது, இன்றே தொடங்குவோமாக.